உறுதியான கதவு

"மேடம், கதவு திறக்க மாட்டேங்குது."

உள்ளேயிருந்து வந்த குரல், பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் ஞானசம்பந்தத்துடையது. ஆய்வுக்கு வந்த மனிதர், குற்றாலம் போகும் வழியிலுள்ள பெண்கள் கழிப்பறையில் மாட்டிக்கொண்டார். வெளியே சாரல் குளிரிலும் செயல் அலுவலர் ஆனந்தவள்ளிக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"நல்லா இழுத்துப் பாருங்க சார். பலகைக் கதவு, மழையில ஊறியிருக்கும்."

அவர் இழுத்தார். காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். கதவு அசையவில்லை.

வினையை அவரேதான் தேடிக்கொண்டார். இங்கே எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. துருப்பிடித்து உதிர்ந்து வருஷமாகிறது. உள்ளே போகிற பெண்ணுக்கு இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும்.

போன சீசனில் காவலுக்கு ஆளில்லாமல் ஒரு பெண் உள்ளே போயிருந்தபோது குடிகாரன் ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டான். அவள் அருவியில் குளிக்காமலே அழுதுகொண்டு பஸ் ஏறினாள். பஸ் வரை கூடப் போய் ஏற்றிவிட்டது, இங்கே வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் முத்துசெல்வி.

கதவுகளை மாற்றப் பேரூராட்சியிடமே நிதி இருந்தது. ஆனால் மேலிருந்து அனுமதி வராமல் தொட முடியாது. ஆனந்தவள்ளி கேட்கும்போதெல்லாம் 'கதவுகள் உறுதியாக உள்ளன' என்று ஊரைப் பார்க்காமலே எழுதித் திருப்பிவிடுவார் ஞானசம்பந்தம். விடிந்தால் சனிக்கிழமை, சீசன் கூட்டம் வந்து குவியும்.

இன்றைக்கும் அவர் இறங்கி வரவில்லை. "இந்தக் கதவுக்கு என்ன குறைச்சல்? நானே உள்ள போய்ச் சாத்திக் காட்டுறேன்" என்று போனவர்தான்.

பெண்கள் பகுதி என்பதால் டிரைவரும் ஆய்வைப் படமெடுக்க வந்த பத்திரிகைக்காரர்களும் மதிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். இங்கே இருந்தது ஆனந்தவள்ளியும், கதவில் முதுகைச் சாய்த்தபடி முத்துசெல்வியும் மட்டும்தான்.

"டிரைவரைக் கூப்பிடுங்க மேடம். உடைக்கச் சொல்லுங்க."

"கூப்பிடுதேன் சார். ஆனா பத்திரிகைக்காரங்களும் அங்கனதான் நிக்காங்க. பொம்பளைங்க கக்கூஸுக்குள்ள ஆபீசர்னு போட்டோ எடுத்துருவாங்க."

உள்ளேயிருந்த குரல் சட்டென்று தணிந்தது.

"சரி, யாரும் வேணாம். நீங்களே உடைங்க."

"புதுக் கதவுக்கு ஆர்டர் இல்லாம பழசத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சார் சுற்றறிக்கை விட்டீங்க? ஆடிட்ல என் தலைதான உருளும்."

"நான்தானே சொல்றேன்!"

"வாய்ப்பேச்ச ஆடிட்ல ஒத்துக்கிட மாட்டாங்க சார்."

"உங்களுக்கு மெமோ குடுக்கப் போறேன், பாருங்க."

"குடுங்க சார். அதுக்கும் நீங்க வெளிய வரணும்லா."

தான் போட்ட விதி தன்னையே சுற்றிக்கொண்டதை ஞானசம்பந்தத்தின் புத்தி உணர்ந்ததோ இல்லையோ, மூக்கு நன்றாகவே உணர்ந்தது. மூச்சு முட்டியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு கதவுக்கு மட்டும் இப்பவே அனுமதி தர்றேன். போதுமா?"

"ஒத்தக் கதவுக்கு எஸ்டிமேட்டே கிடையாது சார். எல்லாத்துக்கும் சேத்துத்தான் அனுப்பியிருக்கோம்."

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தன் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"அந்தக் கதவு ஃபைல மேல ஏத்துங்க. ஆமா, எல்லாக் கதவும்தான். நான் போன்லயே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுடறேன். உடனே ஆர்டரை மெயில்ல அனுப்புங்க. காரணமெல்லாம் கேக்காதீங்க."

சாரல் சற்று வலுத்தது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. முத்துசெல்வி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஆனந்தவள்ளியின் செல்போன் ஒலித்தது. வந்த ஆணையை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தாள். அவளையறியாமல் கண் கலங்கிவிட்டது.

"வந்துட்டு, முத்துசெல்வி" என்றாள்.

முத்துசெல்வி கதவிலிருந்து முதுகை எடுத்தாள். ஆனந்தவள்ளியின் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப வெளித்தாழ்ப்பாள எடுத்துரட்டா, மேடம்?"