எண்பது பேர் இருக்கும் கூடம்

புதிய தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், எண்பது பேர் உட்கார்ந்து வேலை செய்யும் கூடத்தின் வாசலில், அதற்கு விளக்கு வடிவமைத்த பெண் நிற்கிறாள். அவள் வரைந்து கொடுத்தது இளமஞ்சள் வெளிச்சம். கூரையில் எரிவதோ பிணவறை வெள்ளை. நரைத்த தலை எழுத்தர் ஒருவர் நெற்றியில் கையைக் குடையாக வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறார். பக்கத்து மேசையில் நிறைமாதக் கர்ப்பிணி ஈரக் கைக்குட்டையால் கண்களை ஒற்றுகிறாள். "அக்கா, நீங்கதானே லைட் போட்டது? கொஞ்சம் குறைங்களேன். மத்தியானத்துக்குள்ள தலை வெடிக்குது."

"நான் போட்டது இது இல்லம்மா" என்கிறாள் அவள்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றபடி பின்னால் வந்து நிற்கிறார் நிர்வாக இயக்குநர். வாயில் புதினா மிட்டாய் கடகடவென்று உருள்கிறது. "பாருங்க, ஒருத்தனாவது கொட்டாவி விடுறானா?" ஈரப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். உள்ளே கால் வைக்கும் முன் சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். "எனக்குக் கண்ணு கூசும்."

அவள் வாசலோரச் சுவரிலிருக்கும் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, குமிழைத் திருகுகிறாள். வெள்ளை மெல்ல மங்குகிறது. விசைப்பலகைகள் தட்டும் சத்தம் நின்று தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன.

"யாரக் கேட்டுக் குறைச்சீங்க?"

"அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு மணி நேரம் இங்க உக்காருங்க சார். நானே ஏத்திவிடறேன்."

நரைத்த தலை எழுத்தர் எழுந்து, தன் நாற்காலியை இயக்குநர் பக்கம் தள்ளுகிறார்.