எதிர்ப் பக்கத்து ஆள்

"இப்ப பேசிட்டுப் போனாங்களே அந்தம்மா, அவங்க சொன்னதுல பாதிதான் உண்மை!"

வின்ராய் மைக்கைப் பிடித்தபடி யான்ஃபாங்கை நேராகப் பார்த்துச் சொன்னான். உடம்பில் பஸ் டிப்போ சட்டை, முழங்கை வரை கிரீஸ் கறை. அவன் பின்னால் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெற்றோர் பலமாகக் கைதட்டினார்கள்.

யான்ஃபாங் பதில் பார்வை பார்க்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றிக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டாள். காலையிலிருந்து லாண்டரியில் நின்றபடியே இஸ்திரி போட்ட கால். உட்கார்ந்த பிறகுதான் வலிக்கவே ஆரம்பித்தது.

நியூயார்க்கின் புரூக்ளினில் இது எத்தனையாவது கூட்டமோ. பேச்சு மட்டும் மாறவேயில்லை. நகரத்தின் பெரிய அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரே ஒரு நுழைவுத் தேர்வு. தேறுகிறவர்களில் பாதிக்கு மேல் சீனப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தேர்வையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முன்னணியில் இருக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம். வலப் பக்கத்து நாற்காலிகள் அதை வேண்டும் என்றன, இடப் பக்கத்து நாற்காலிகள் கூடாது என்றன.

யான்ஃபாங் மற்ற சீனப் பெற்றோரோடு இடப் பக்கம். தெரிந்த அளவு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள். "என் பொண்ணு ரெண்டு வருஷமா சனி, ஞாயிறுன்னு ஒண்ணு இருக்கறதையே பார்க்கலை. வர்ற அக்டோபர்ல பரீட்சை. இப்பப் போய் பரீட்சையே கிடையாதுன்னா அவ பட்ட பாடெல்லாம் என்னங்க ஆகறது?" அதற்குள் மணியடித்து உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வின்ராய் விடவில்லை. "பொண்ணு ரெண்டு வருஷம் படிச்சாள்னு சொன்னாங்க. அந்தப் பிள்ளை பென்சிலைக் கையில பிடிச்சபடியே மேஜையில தூங்கிப்போறதை ஏன் சொல்லலை? காலையில கன்னத்துல புத்தகத்து மடிப்பு பதிஞ்சு கிடக்கும். அது படிப்பா, தண்டனையா?"

"கேட்டியா கொழுப்பை?" யான்ஃபாங்கின் விலாவில் இடித்தாள் குவோ அக்கா. ஆள் சேர்த்துக் கூட்டங்களுக்கு அழைத்துவருகிறவள் அவள்தான். போன மாதம் லாண்டரிக்குத் துணி போட வந்த இடத்தில் யான்ஃபாங்கைப் பிடித்திருந்தாள். "உன் வீட்டு ஜன்னல்ல ஏறி எட்டிப் பார்த்தவன் மாதிரி அளக்கறான்!"

"விடுங்கக்கா."

"என்னத்தை விடறது? நீ ஊமையா இருக்கறதாலதான் அவன் ஏறி மிதிக்கறான்."

வின்ராயின் குரல் தணிந்தது. "என் பொண்ணு வகுப்புல முதல். இன்னைக்கு நேத்து இல்லை, வருஷா வருஷம். ஆனா அவ படிக்கிற பள்ளியிலேருந்து அந்தப் பெரிய பள்ளிக்கு ஒரு பிள்ளை போய் நான் பார்த்ததில்லை. அவ பள்ளியில இருக்கற எல்லாருக்குமா மூளை இல்லை? பரீட்சை அன்னைக்குக் காலையில அவளுக்குக் காய்ச்சல் அடிச்சா, அத்தனை வருஷமும் குப்பைக்குப் போகணுமா?"

"படிக்க வேண்டாம்னு உங்களை யார்யா தடுத்தது?" என்று இடப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். அதற்கு ஒரு கைதட்டல். குவோ அக்கா எழுந்து நின்றே தட்டினாள்.

யான்ஃபாங் தட்டவில்லை. கையைத் தூக்கத் தெம்பில்லாதவள் போல மடியிலேயே வைத்திருந்தாள்.

"தடுத்தது யாருன்னு சொல்லவா?" என்று வின்ராய் திரும்பினான். வலப் பக்கத்தில் நாலு பேர் எழுந்தார்கள், இடப் பக்கத்தில் எட்டுப் பேர். மேடையில் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்த தலைவி மணியை அடித்தாள். மறுபடியும் அடித்தாள். கடைசியில் மைக்கையே அணைத்துவிட்டார்கள்.

முடிவு அடுத்த கூட்டத்தில் என்றாள் தலைவி. போன கூட்டத்திலும் அதையேதான் சொன்னாள்.

வெளியே தூறல். யான்ஃபாங்கும் குவோ அக்காவும் பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். வீட்டில் பெண் தனியாக மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் நின்றாள் யான்ஃபாங். எது வேண்டுமானாலும் வரட்டும், அவளுக்கு அந்தப் பள்ளியில் ஓர் இடம் கிடைத்தால் போதும். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் வலு இல்லை.

"ஏய், அவன் நம்ம பக்கம் வர்றான்டி!" என்று குவோ அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

நனைந்த கோஷ அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வின்ராய் தெருவைக் கடந்து வந்தான். முகத்தில் கோபம் இன்னும் ஆறவில்லை. யான்ஃபாங்கின் எதிரே வந்து நின்றான்.

"உங்கிட்ட நான் இன்னும் பேசி முடிக்கலை."

"எங்கிட்டயும் பேச நிறைய இருக்கு" என்றாள் யான்ஃபாங்.

குவோ அக்கா குறுக்கே பாய்ந்தாள். "உள்ளதான் கத்தினே, தெருவுலயுமா? பொம்பளைங்கன்னா அவ்வளவு இளப்பமா போச்சா?" கூட்டம் நடந்த பள்ளியின் வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "இங்க வாங்க சார், இந்த ஆளை முதல்ல இங்கேருந்து துரத்துங்க!"

யான்ஃபாங் மெதுவாக அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"துரத்திடாதீங்கக்கா. எங்க ரெண்டு பேரோட பொண்ணுக்கு இன்னைக்குச் சமைச்சுப் போடற முறை அவரோடது."