அம்மாவின் படபடப்பு

"ரெண்டு மாசமா இப்படித்தான், டாக்டர். வாசக்கதவைத் தட்டினாலே நெஞ்சு படபடங்கறது, கை நடுங்கறது," என்றேன்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். அம்மா சட்டென்று பின்வாங்கினாள்.

"மடியா இருக்கேன். யாரும் தொடப்படாது."

"வியாதிக்கு ஏதும்மா மடி?" என்று எரிந்து விழுந்தேன். அவள் மசியவில்லை. டாக்டர் எட்ட நின்றே கண்ணையும் நாக்கையும் பார்த்தார்.

"வியாதின்னு ஒண்ணும் தெரியலை. மனசுல ஏதாவது பயமா, மாமி?"

"நேக்கென்ன பயம்?"

டாக்டர் போனதும் பரணில் ஏறினேன். சர்க்கார் தடை செய்த காங்கிரஸ் நோட்டீஸ்களைக் கட்டாகக் கட்டி அங்கேதான் ஒளித்திருந்தேன். இன்று ஒத்தக்கடை ஊருக்குப் போய்த் தோழர்களிடம் கொடுத்தாக வேண்டும்.

கட்டைக் காணவில்லை. மூலை மூலையாகத் துழாவினேன்.

"அங்கே தேடாதே, விசு."

அம்மா புடவை மடிப்புக்குள்ளிருந்து கட்டை உருவி என் கையில் திணித்தாள். என்னைத் தொட்டதை அவள் பொருட்படுத்தவே இல்லை.

"போலீஸ்காரன் வீட்டைச் சோதனை போடுவான். மடியா இருக்கறவளைத் தொடுவானோ?"

காகிதம் அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"எப்பலேர்ந்தும்மா?"

"நீ பரண்ல வச்ச அன்னிலேர்ந்து. ரெண்டு மாசமாறது."

டாக்டரிடம் அந்தக் கணக்கைச் சொன்னவனே நான்தான்.