பலகைக்கு அந்தப் பக்கம்

"இன்னைக்கும் யாரும் சிரிக்கலைன்னா, நாளையிலேருந்து உங்கண்ணன் கடையில போய் உக்காந்துடறேன். இது சத்தியம்."

முகத்தில் வெள்ளைப் பூச்சைத் தடவிக்கொண்டே சொன்னான் நடிகன். துணிப்பை வேஷத்தின் காதுகளைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணனும் ஆணி எடை போட ஆள் தேடிட்டுத்தான் இருக்காரு," என்றாள்.

பிளாஸ்டிக் பைக்கும் துணிப்பைக்கும் நடக்கும் வாய்ச்சண்டைதான் அவர்களுடைய நாடகம். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். சிரித்த கையோடு பிளாஸ்டிக் பையைத் தலைமுழுக வேண்டும். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் கொஞ்ச நாளாகப் போன இடமெல்லாம் கொட்டாவிதான் மிஞ்சியது. புத்தி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சிரிக்க வைக்கத் தெரியாதவனுக்கு மேடையில் என்ன வேலை என்று அவனுக்கு மனசு விட்டுப்போயிருந்தது.

இன்று குடியிருப்போர் சங்கத்து ஆட்களுக்காக நாடகம். அந்தக் கட்டடத்தில் இரண்டு ஹால்கள். நடுவே பலகைத் தடுப்பு மட்டும். இருமினால்கூட அந்தப் பக்கம் கேட்கும்.

திரை விலகியது. கிழிந்த பைகளை ஒட்டித் தைத்த உடுப்பு சரசரக்க, அவன் காற்று நிரம்பிய பை போல உப்பிக்கொண்டு மிதந்து வந்தான். மேடை விளக்கின் வெளிச்சத்தில் முன்வரிசை மட்டுமே தெரிந்தது. இஸ்திரி கலையாத சட்டைகள், இறுகிய முகங்கள். நிர்வாகிகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"எனக்கு வீட்டுப் பிரச்சினையே கிடையாது. ஒரு பசுமாட்டு வயித்துல குடியிருக்கேன். வாடகையும் இல்ல, காலி பண்ணுன்னு சொல்றதுக்கு ஆளும் இல்ல."

ஒரு முகமும் அசையவில்லை. அதே நேரம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு கிளம்பியது.

அவன் தடுக்கி விழுந்து காட்டினான். துணிப்பை அவனைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். இங்கே மயான அமைதி. அங்கே கைதட்டல், சீழ்க்கை. ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"என்னைக் குழிதோண்டிப் புதைச்சாலும், உங்க பேரனோட பேரன் தோண்டி எடுக்கும்போது இதே மினுமினுப்போட வெளிய வருவேன்," என்றான் கடைசியில், குரல் கம்ம. ஜனங்கள் பதறிப்போக வேண்டிய இடம் அது. முன்வரிசைக்காரர்களோ ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, மரியாதையாகக் கைதட்டினார்கள்.

அறைக்குத் திரும்பியதும் உடுப்பைக் கழற்றி மூலையில் போட்டான். இன்னும் ஒரே ஒரு இடம் பார்க்கலாமே என்று மனைவி கேலியை விட்டுவிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கிற நிலையில் இல்லை. பக்கத்து ஹாலில் அப்படிச் சிரிக்க வைத்தவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தொழிலை விட்டுவிடப் போவதாகச் சொன்னான். அவரைப் போல ஒரு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு வாங்க, தான் இன்னொரு பிறவி எடுத்து வர வேண்டும் என்றான்.

வாசலில் கட்டடத்துக் காவலாளி எதிரே ஓடிவந்தார்; முகமெல்லாம் வியர்வை.

"தம்பி, மன்னிச்சுக்கணும். ரெண்டு பக்கமும் சங்கத்துக் கூட்டம்னுதான் சொன்னாங்க. நான் ஆளுங்களை மாத்தி உக்கார வச்சுட்டேன். உங்க நாடகத்தைப் பாத்துச் சிரிக்கணும்னு குடும்பம் குடும்பமா வந்தவங்க எல்லாரும் அந்த ஹால்ல இருக்காங்க."

"அப்ப, என் முன்னால உக்காந்திருந்தது?"

"அது பிளாஸ்டிக் பை தயாரிக்கிறவங்க சங்கம்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நடிகன் பலகைத் தடுப்பைக் காட்டினான். "சரிங்க, அங்க அவங்களை அப்படிச் சிரிக்க வச்ச காமெடியன் யாரு?"

காவலாளி குரலைத் தாழ்த்தினார்.

"காமெடியன் இல்லீங்க தம்பி, இந்த பிளாஸ்டிக் பைக்காரங்க சங்கத் தலைவரு. லேட்டா வந்து நேரா அந்த ஹால் மேடையில ஏறிட்டாரு. பிளாஸ்டிக் பையால யாருக்கும் எந்தக் கெடுதலும் கிடையாதுன்னு, இப்ப வரைக்கும் விளக்கிட்டிருக்காரு."