பதினான்காவது கேள்வி

"இதை யார் எழுதச் சொன்னது உங்களை?"

துறைமுக மேலாளர் படிவத்தைத் திருப்பி வைத்து, பதினான்காவது கேள்வியைப் பேனாவால் தட்டினார். 'மனநல ஆலோசனை பெறுகிறீர்களா?' எதிரே ஒரே வார்த்தை. ஆம்.

"கேட்டிருந்தீங்க. எழுதினேன்" என்றார் கிரேன் ஓட்டுநர்.

எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய கிரேனிலிருந்து ஒரு சுமை விழுந்தது. கம்பி அறுந்ததுதான் காரணம், அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். ஆனால் கீழே நின்றவருக்கு ஒரு கால் போய்விட்டது. அன்றிலிருந்து இவர் மேலே ஏறவில்லை. கிடங்கில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது மறுபடியும் கிரேன் கேட்டு வந்திருக்கிறார்.

"டாக்டர் சான்றிதழ் சரியா இருக்கு. சோதனை ஓட்டமும் நல்லா பண்ணியிருக்கீங்க. இதுதான் இடிக்குது" என்றார் மேலாளர். "அங்க என்னதான் செய்வாங்க? படுக்க வச்சு அழவிடுவாங்களா?"

பக்கத்தில் இருந்த மேஸ்திரி சிரித்தார். ஓட்டுநர் சிரிக்கவில்லை.

"அப்படியெல்லாம் இல்லை சார். வாரம் ஒரு மணி நேரம். அறையிலயும் பேசலாம், வெளியில நடந்துகிட்டும் பேசலாம். முதல் நாள் அறையிலதான் உட்கார்ந்தேன். சுத்திக் கண்ணாடி. கிரேன் கூண்டுக்குள்ள இருக்கற மாதிரியே இருந்துச்சு, சட்டை நனைஞ்சு போச்சு. அப்புறம் நடைதான்."

"நடந்தா சரியாயிடுமா?"

"அவங்க சரி பண்ணிடுவாங்கன்னு நினைச்சுத்தான் நானும் போனேன். அவங்க கேள்விதான் கேக்கறாங்க, பதிலை நாமதான் தேடணும். சில வாரம் வாயே திறக்காம நடந்திருக்கேன். அப்பவும் கூடவே நடப்பாங்க."

மேலாளர் பேனாவை மூடினார்.

"நானும் வருஷா வருஷம் இதே படிவத்தைத்தான் எழுதறேன். பதினாலுக்கு நேரா 'இல்லை'. ஒரு நொடி வேலை. நாற்பது டன் தலைக்கு மேல தொங்கும்போது, ஓட்டறவன் மனசைப் பத்தி ஒருத்தனுக்கும் சந்தேகம் வரக் கூடாது."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதுல 'இல்லை'ன்னு எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுங்க, கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா கடைசிவரைக்கும் கிடங்குதான்."

ஓட்டுநர் அவரையே ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிறார் போலிருந்தது. படிவத்தைத் தொடாமல் எழுந்தார்.

மேஸ்திரி பின்னாலேயே வந்து நடைவழியில் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ப்பா, மூணே மூணு எழுத்து. எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?"

"மேல ஏறினா, கீழ நிக்கறவன் என்னை நம்பித்தான் நிப்பான். பொய் எழுதிட்டு எப்படிண்ணே ஏறுறது?"

"ஆமா, ஊர்ல நீ ஒருத்தன்தான் நியாயஸ்தன். சீட்டு கிழிச்சுக்கிட்டே ரிட்டயர் ஆகு."

"வீட்டுக்காரியும் இதையேதான் சொல்லப் போறா. வாங்கிக் கட்டிக்கறேன்."

வியாழக்கிழமை காலை. ஆலோசனை நடை தொடங்கும் ஏரிக்கரை பெஞ்சில் வழக்கம்போலப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார் ஓட்டுநர். எத்தனையோ தடவை நினைத்தும் இந்தச் சீக்கிரம் வரும் பழக்கத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை.

தூரத்தில் ஆலோசகர் அம்மா தெரிந்தார். கூடவே, இவருக்கு முந்தைய நேரத்தில் ஆலோசனைக்கு வருபவர். கண்வரைக்கும் இழுத்துவிட்ட தொப்பி.

ஓட்டுநர் சட்டென்று குனிந்து ஷூவைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரமும் இந்த இடத்தில் இதைத்தான் செய்வார்.

எப்போதும் வேகமாகத் தாண்டிப் போய்விடும் கால்கள் இன்று எதிரில் நின்றன.

"உங்க ஷூவுல லேஸே இல்லையே."

ஆலோசகர் அம்மா எதையும் கேட்காதவர் போலத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நகர்ந்தார்.

ஓட்டுநர் நிமிரவில்லை. "தெரிஞ்சவங்க எதிர்ல வந்தா, பார்க்காத மாதிரி இருந்துடணும்னு முதல் நாளே சொல்லியிருக்காங்க. நீங்க போங்க சார்."

அவர் போகவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். துறைமுக மேலாளர்.

"எத்தனை வாரமா தெரியும்?"

"பதினொண்ணு."

"தொப்பியோடயா?"

"இருபது வருஷம் கிரேன் மேல இருந்து பார்த்தவன் சார் நான். அங்கேருந்து யாருக்கும் முகம் இருக்காது. நடையை வச்சுத்தான் ஆளைத் தெரியும்."

மேலாளர் கையிலிருந்த தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"செவ்வாய்க்கிழமை மேஸ்திரி முன்னால ஒரு வார்த்தை விட்டிருந்தா போதும். அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"ஆபீஸ்ல இருந்தாலும் இங்க இருந்தாலும் அந்த விதி ஒண்ணுதான் சார்." ஓட்டுநர் இப்போதுதான் நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு. நாளைக்கு வந்து படிவத்தை மாத்தி எழுதிக் கொடுக்க மாட்டேன்."

"வேண்டாம்" என்றார் மேலாளர். "மாத்தி எழுத வேண்டியது என்னோடது."