எட்டும் தூரம்

கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு ஜோடி வாக்கிடாக்கிகள் நிற்கின்றன. மழைக்கு முந்தைய மஞ்சள் வெயில் அவற்றின் ஆண்டெனாக்களில் வழிகிறது. போன வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்து, ஆற்றுக்கு அக்கரையில் குடித்தனம் இருக்கும் மகளின் குரல் வராமல் தவித்துப்போன அம்மா, சின்ன ஜோடியைக் கையில் எடுத்து எடை பார்க்கிறாள். "அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற தூரத்தை நம்பாதீங்க. அது வெட்டவெளிக் கணக்கு. கட்டடம் குறுக்கே வந்தா பாதிகூடத் தேறாது," என்கிறார் கடைக்காரர். தன் சரக்கையே குறைசொல்லும் வியாபாரியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். சோதித்துப் பார்க்க, கூடவே கடைக்கு வந்திருக்கும் மகள் பெரிய ஜோடியில் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கிறாள். அவளுடைய நீலக் குடை தெருமுனையில் திரும்பி மறைகிறது. அம்மா மற்றொன்றின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி, "கேக்குதாடி? கேக்குதாடி?" என்கிறாள். பதிலே இல்லை. "விரலை எடுங்கம்மா. பேசறப்போ மட்டும்தான் அமுக்கணும். நீங்க அமுக்கிட்டே இருந்தா அவங்க பேச்சு எப்படி வரும்?" என்கிறார் கடைக்காரர். விரல் மனமில்லாமல் விலகுகிறது. கரகரப்புக்குள்ளிருந்து மகளின் குரல், காதோரம் நிற்பதுபோல வருகிறது: "நல்லா கேக்குதும்மா. பாலம் வரைக்கும் போய்ப் பாக்கட்டுமா?" அம்மா கருவியை உதட்டருகே கொண்டுபோகிறாள். பட்டனைத் தொடவில்லை. "போதும்டி, வந்துடு," என்கிறாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கிறார். அப்புறம் அவள் பட்டனை அழுத்துகிறாள். "சரி, போ. பேசிக்கிட்டே போ."