மாவில் பட்ட கை

மாவுப் பாத்திரத்தின் மூடிக்கு, உள்ளே இருக்கும் நுண்ணுயிர் யார் கையிலிருந்து வந்தது என்று தெரியும். காலையில் தோசைக்கு மாவெடுக்கப் போன கோகிலவாணி மூடியைப் பார்த்து நின்றுவிட்டாள். ‘திருமூர்த்தி’, அதன் கீழே ‘வெளியாள்’ என்று ஒளிர்ந்தது.

“ஏனுங்க, நேத்து நான் வேலைக்குப் போனப்ப வூட்டுக்கு எவ வந்தா?”

“யாரும் வரலே புள்ள. நாந்தான் உப்புப் போட்டுக் கரைச்சேன்.” திருமூர்த்தி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டான். “நீதான் வந்ததும் வராததுமா விரல்ல தொட்டு உப்புப் பாத்தே.”

“அப்ப எம் பேரு எங்க?”

அவன் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல் விரலை மாவில் தோய்த்து மூடினாள்.

‘வெளியாள்’ என்றது மூடி.

அவள் புதிதாகச் சேர்ந்த விதைக் கம்பெனியில், பூக்களுக்கு மகரந்தம் தொட்டு வைக்கும் முன் தினமும் கையை நீலத் திரவத்தில் முக்க வேண்டும். கைகளில் கம்பெனி நுண்ணுயிர் மட்டும்தான் இருக்கலாமாம்.

“வா சாமி” என்று கையை நீட்டினாள்.

குழந்தை அந்தக் கையை மோந்து பார்த்தது. பிறகு வீறிட்டபடி அப்பனின் தோளைக் கட்டிக்கொண்டது.